எழுதியதைச் சத்தமில்லாமல் மாற்றாதீர்கள்: தொழில்நுட்ப இதழாசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

தொழில்நுட்ப இதழ்களை நடத்தும் ஆசிரியர்களுக்கும் அவற்றில் எழுதுகிறவர்களுக்கும்,

வணக்கம்.

என் மேசை இழுப்பறையில் மடித்து வைத்த நான்கு தாள்கள் இருக்கின்றன. உங்களில் ஒருவருடைய இணைய இதழில் வெளியான ஒரு ரவுட்டர் மதிப்புரையின் அச்சுப்படி அது. ஓர் அலுவலகத்தின் கணினிகளையும் நெட்வொர்க்கையும் பார்த்துக்கொள்வது என் வேலை. எதை வாங்குவதென்றாலும் மேலதிகாரியிடம் காரணம் காட்ட வேண்டும், அதற்காகத்தான் அச்செடுத்தேன். மூன்றாம் தாளில் ஒரு வாக்கியத்துக்குக் கீழே பேனாவால் கோடு போட்டிருக்கிறேன். இந்தக் கருவிக்குப் பாதுகாப்பு அப்டேட் எத்தனை ஆண்டு வரும் என்று கேட்டோம், நிறுவனம் சொல்லவில்லை, ஆகவே அலுவலகங்களுக்குப் பரிந்துரைக்க மாட்டோம் என்பது அதன் சாரம். அதை நம்பி நாங்கள் வேறொன்றை வாங்கினோம்.

பத்து மாதம் கழித்து ஒரு கிளை அலுவலகத்துக்கு ரவுட்டர் தேவைப்பட்டது. அதே பக்கத்தைத் திறந்தேன். கோடு போட்ட வாக்கியத்தைக் காணோம். மூன்று நட்சத்திரம் நான்கரையாக உயர்ந்திருந்தது. தலைப்புக்குக் கீழே புதிய தேதி. எழுதியவர் பெயர் மட்டும் பழையது. முன்பு இல்லாத ஒரு ‘வாங்க’ பொத்தான் பக்கத்தின் நடுவில் வந்திருந்தது. என்ன மாறியது, ஏன் மாறியது என்று ஒரு வரிகூட இல்லை.

நிறுவனம் இதற்கிடையில் அப்டேட் காலத்தை அறிவித்திருக்கலாம். எழுதியவர் புதிய ஃபர்ம்வேரை (கருவிக்குள்ளேயே ஓடும் மென்பொருளை) போட்டு மறுபடி சோதித்துப் பார்த்து, மனம் மாறியிருக்கலாம். அப்படியானால் அது நல்ல வேலை, நான் கைகூப்பி ஏற்றுக்கொள்வேன். ஆனால் அந்தப் பொத்தான்தான் காரணமாக இருந்தாலும் பக்கம் இதே மாதிரிதான் இருந்திருக்கும். இரண்டுக்கும் வித்தியாசம் தெரிய வழியில்லை. இணையப் பக்கங்களின் பழைய பிரதிகளைச் சேமித்து வைக்கும் இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற நூலகத்தின் வேபேக் மெஷினில் பழைய பிரதியைத் தேடினேன், அந்தப் பக்கத்தை அது சேமித்திருக்கவில்லை. ஆசிரியர் குழுவுக்கு இரண்டு மின்னஞ்சல் போட்டேன், பதில் இல்லை. மேலதிகாரி இரண்டு பிரதிகளையும் அருகருகே வைத்துப் பார்த்துவிட்டு, “போன தடவை இதே இதழைக் காட்டித்தானே வேண்டாம்னு சொன்னீங்க?” என்று கேட்டார். பழி சொல்லும் தொனியில் அவர் கேட்கவில்லை. ஆனாலும் என்னால் நிமிர்ந்து பதில் சொல்ல முடியவில்லை.

உங்களிடம் கேட்க எனக்கு ஒன்றுதான் இருக்கிறது. எழுதியதை மாற்றினால், மாற்றினோம் என்று எழுதுங்கள்.

அச்சு இதழ்கள் இருந்த காலத்தில் இதை யாரும் கேட்க வேண்டியிருக்கவில்லை. 1975இல் தொடங்கிய ‘பைட்’, 1982இல் தொடங்கிய ‘பிசி மேகசின்’ போன்ற இதழ்கள் அச்சகத்தை விட்டு வெளியே போய்விட்டால், அதன் பிறகு ஆசிரியரே நினைத்தாலும் ஓர் எழுத்தை மாற்ற முடியாது. தவறு நேர்ந்திருந்தால் அடுத்த இதழில் திருத்தம் போட்டாக வேண்டும், அந்தத் திருத்தமும் அச்சில் நின்றுவிடும். ஒரு மதிப்புரையில் ‘இது வேண்டாம்’ என்று எழுதினால் அந்த இதழ் அந்தச் சொல்லோடு காலம் முழுக்க வாழ வேண்டும். எழுதுகிறவரின் கையை அது கட்டியது. அவரை நிதானமாகவும் வைத்திருந்தது.

பிறகு ஒவ்வொன்றாக அச்சு நின்றது. 1998இல் பைட், 2007இல் ‘இன்ஃபோவேர்ல்ட்’, 2009இன் தொடக்கத்தில் பிசி மேகசின், 2013இல் ‘பிசி வேர்ல்ட்’. காகிதம் போனதற்காக நான் வருந்துகிறவள் இல்லை. ஒரு பாதுகாப்பு ஓட்டை இன்று கண்டுபிடிக்கப்பட்டால் இன்றே எனக்குத் தெரிய வேண்டும், அடுத்த மாத இதழ் வரும்வரை என் சர்வர் காத்திருக்காது. ஆனால் காகிதத்தோடு அந்தக் கட்டும் சேர்ந்து போய்விட்டது. இணையப் பக்கத்தை எந்த நேரமும் திருத்தலாம் என்பது உங்களுக்குக் கிடைத்த பெரிய வசதி. அந்த வசதியை எப்படிக் கையாள்வது என்று தொழில் தனக்கென ஒரு ஒழுங்கை ஏற்படுத்திக்கொள்ளவில்லை. ஏற்படுத்திக்கொண்டவர்களும் சிலர் உண்டு. அவர்களை எனக்குத் தெரியும், அவர்களைத்தான் தினமும் படிக்கிறேன்.

பணம் வந்த வழியையும் பேசாமல் இருக்க முடியாது. 1994 அக்டோபர் 27 அன்று ‘ஹாட்வயர்டு’ தளத்தில் ஏ.டி. அண்ட் டி. நிறுவனத்தின் பேனர் விளம்பரம் ஏறியது. இணையத்தின் முதல் பேனர் விளம்பரங்களில் அது ஒன்று. ஹாட்வயர்டு என்பது ‘வயர்டு’ இதழின் இணைய அங்கம். ஆக, இன்று எல்லா ஊடகங்களையும் ஆட்டுவிக்கிற ஏற்பாடு ஒரு தொழில்நுட்ப இதழின் வீட்டுத் திண்ணையில்தான் தொடங்கியது. பேனருக்குப் பின் கிளிக் கணக்கு வந்தது. அதற்குப் பின் தேடுபொறியில் முதலிடம் பிடிக்கும் ஓட்டம், அதற்கும் பின் வாசகர் பொருளை வாங்கினால் இதழுக்குக் கமிஷன் வரும் அஃபிலியேட் இணைப்பு. இவை எதையும் நான் பாவம் என்று சொல்லவில்லை. எழுதுகிறவருக்குச் சம்பளம் வேண்டும், சோதனைக்கூடத்துக்குக் கருவிகள் வேண்டும். அச்சு இதழிலும் பாதிக்கு மேல் விளம்பரம் நிறைந்த காலம் உண்டு. ஆனால் அந்த விளம்பரத்தைப் பக்கத்தில் தனியாகப் பார்க்க முடிந்தது. அஃபிலியேட் இணைப்பு மதிப்புரையின் வாக்கியத்துக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. ஒரு பொருளைப் பற்றி ‘வேண்டாம்’ என்று எழுதினால் இதழுக்கு ஒரு காசும் வராது, ‘வாங்கலாம்’ என்று எழுதினால் வரும் என்கிற நிலையில், எழுதுகிறவர் எவ்வளவு நேர்மையாக இருந்தாலும் அவர் தலைக்கு மேல் ஒரு பாரம் தொங்குகிறது. பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் ‘எங்களுக்குக் கமிஷன் கிடைக்கலாம்’ என்று போட்டுவிடுவதால் அந்தப் பாரம் இறங்குவதில்லை. அது சட்டத்துக்காகப் போடும் வரி. எனக்காகப் போட வேண்டிய வரி வேறு. கருவி எங்கிருந்து வந்தது, நிறுவனம் அனுப்பியதா, நீங்கள் கடையில் வாங்கியதா, எத்தனை நாள் பயன்படுத்தினீர்கள், திருப்பிக் கொடுத்தீர்களா என்பதை மதிப்புரையின் முதல் பத்தியிலேயே எழுதுங்கள்.

உங்கள் தொழில் எவ்வளவு உயரம் தொட வல்லது என்று எனக்குத் தெரியும். அதனால்தான் இவ்வளவு உரிமையோடு கேட்கிறேன்.

2013இல் நடந்ததைப் பாருங்கள். சாம்சங் கேலக்ஸி எஸ்4 ஃபோனின் எக்ஸினோஸ் ப்ராசஸர் கொண்ட வகையில், கிராஃபிக்ஸ் சிப் சாதாரண விளையாட்டுகளில் 480 மெகாஹெர்ட்ஸைத் தாண்டாமல் இருந்தது. வேகத்தை அளந்து மதிப்பெண் போடும் குறிப்பிட்ட சில பெஞ்ச்மார்க் செயலிகளைத் திறந்தால் மட்டும் 533க்குத் தாவியது. அந்த ஜூலையில் ‘ஆனந்த்டெக்’ என்ற இணைய இதழ் இதைச் சோதித்துப் பார்த்து, ஃபோனின் மென்பொருளுக்குள்ளேயே ‘பெஞ்ச்மார்க் பூஸ்டர்’ என்ற பெயர் புதைந்து கிடப்பதையும் எடுத்துக் காட்டியது. சில மாதம் கழித்து கேலக்ஸி நோட் 3 வந்தது. ‘ஆர்ஸ் டெக்னிக்கா’ என்ற இணைய இதழ் ஒரு எளிய காரியம் செய்தது. கீக்பெஞ்ச் என்ற சோதனைச் செயலியின் பெயரை மட்டும் ‘ஸ்டெல்த்பெஞ்ச்’ என்று மாற்றினார்கள். உள்ளே ஓடும் சோதனை அதேதான், பெயர்தான் வேறு. தன்னைச் சோதிக்கிறார்கள் என்று ஃபோனுக்குத் தெரியவில்லை. மதிப்பெண் சரிந்தது. முன்பு காட்டிய எண் சுமார் 20 சதவீதம் வரை ஊதிப் பெருக்கப்பட்டது என்பது வெளியே வந்தது.

அந்தக் கட்டுரையை நான் எத்தனை முறை படித்திருப்பேன் என்று கணக்கில்லை. கம்பெனி அறிக்கையை நம்பி எழுதவில்லை. ‘தகவலறிந்த வட்டாரம்’ என்று யாரையும் இழுக்கவில்லை. என்ன செய்தோம், எப்படிச் செய்தோம், என்ன எண் வந்தது என்று வைத்தார்கள். சந்தேகப்படுகிறவர் அதே செயலியை அதே மாதிரி பெயர் மாற்றி ஓட்டிப் பார்க்கலாம். கட்டுரையின் பலம் முழுக்க அந்தத் திறந்த கையில் இருந்தது.

2012இல் வயர்டு இதழின் எழுத்தாளர் மேட் ஹோனனின் கணக்குகளை யாரோ ஒரு மணி நேரத்துக்குள் ஒவ்வொன்றாகக் கைப்பற்றி, அவருடைய ஐஃபோன், ஐபேட், மேக்புக் மூன்றையும் தூரத்திலிருந்தே அழித்துவிட்டார்கள். குழந்தையின் படங்களும் போயின. அவர் அதைப் புலம்பலாக எழுதவில்லை. எப்படி நடந்தது என்று படிப்படியாகத் தேடினார். கிரெடிட் கார்டின் கடைசி நான்கு எண்களை அமேசான் வெளியே காட்டும் அளவுக்குச் சாதாரணமாக நினைத்தது. ஆப்பிளின் வாடிக்கையாளர் சேவையோ அதே நான்கு எண்களை அடையாளச் சான்றாக ஏற்றுக்கொண்டது. இரண்டு நிறுவனங்களுக்கு நடுவில் இருந்த அந்த இடைவெளி வழியாகத்தான் திருடன் நுழைந்தான். தன் தவறையும் அவர் மறைக்கவில்லை. கணக்குகளை ஒன்றோடொன்று கோத்து வைத்ததும், பேக்கப் எடுக்காமல் விட்டதும் தானே என்று எழுதினார். கட்டுரை வந்த கையோடு இரு நிறுவனங்களும் தொலைபேசி வழி நடைமுறைகளை இறுக்கின. அதே வாரம் நான் எங்கள் அலுவலகத்தில் இரட்டைச் சரிபார்ப்பைக் கட்டாயமாக்கினேன். முணுமுணுத்தவர்களுக்கு அந்தக் கட்டுரையைத்தான் வாசித்துக் காட்டினேன்.

அதைப் போன்ற வேலைக்கு நாள் பிடிக்கும். உங்கள் நிருபர்களுக்கு அந்த நாட்களைக் கொடுக்கிறீர்களா? ஒரே நாளில் ஐந்தாறு செய்தி எழுத வேண்டியவர் என்ன செய்வார்? நிறுவனம் அனுப்பிய செய்தியறிக்கையைத் திறந்து, முதல் பத்தியைக் கொஞ்சம் புரட்டிப் போட்டு, படத்தை ஒட்டி வெளியிடுவார். புதிய லேப்டாப் ஒன்று வந்த அன்று நான் ஏழு தளங்களைத் திறந்து பார்த்தேன். ஏழிலும் பேட்டரி ‘நாள் முழுக்க’ உழைத்தது. ஏழு பேரில் ஒருவர்கூட அந்தக் கருவியைக் கையில் வாங்கியிருக்கவில்லை. அந்த நிருபர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. அவர்களை அந்த நாற்காலியில் உட்காரவைத்த திட்டத்தின் மேல்தான் கோபம்.

எம்பார்கோ, அதாவது குறித்த நேரம் வரை செய்தியை வெளியிடக் கூடாது என்கிற கட்டுப்பாட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதில் இரண்டு வகை உண்டு, இரண்டையும் ஒரே பெயரால் அழைப்பதால் வாசகர் குழம்புகிறார். மெல்ட்டவுன், ஸ்பெக்டர் என்ற ப்ராசஸர் ஓட்டைகள் 2017இன் நடுவிலேயே நிறுவனங்களுக்குத் தெரியும். திருத்தம் தயாராகும் வரை, அதாவது 2018 ஜனவரி 9 வரை, வெளியே சொல்லாமல் இருப்பது என்று முடிவு செய்திருந்தார்கள். யாரும் பார்க்கக்கூடிய லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலில் நடந்த அவசர மாற்றங்களைத் துருவிப் பார்த்து ‘தி ரெஜிஸ்டர்’ என்ற இணைய இதழ் ஜனவரி 2ஆம் தேதியே எழுதியது, மறுநாள் எல்லாம் அம்பலமானது. அது சரியா, தவறா என்று இருபக்கமும் வாதாடலாம். நான் ‘தி ரெஜிஸ்டர்’ பக்கம். எல்லோர் கண்ணெதிரே நடந்துகொண்டிருந்த மாற்றங்களை அவர்கள் கூர்ந்து வாசித்தார்கள், அவ்வளவுதான். ஆனால் அந்தக் கட்டுப்பாட்டுக்காவது மக்கள் பாதுகாப்பு என்ற நியாயம் இருந்தது. புதிய ஃபோனை ஒரு வாரம் முன்னதாகக் கொடுத்து, எல்லோரும் ஒரே நிமிடத்தில் மதிப்புரை வெளியிட வேண்டும் என்று சொல்லும் எம்பார்கோவுக்கு என்ன நியாயம்? அது நிறுவனத்தின் விற்பனை நாட்காட்டி. அந்த ஒரு வாரத்தில் பேட்டரி எப்படி மூப்படையும் என்று யாருக்குத் தெரியும்?

பழைய பேட்டரி உள்ள ஐஃபோன்களின் வேகத்தை ஆப்பிள் மென்பொருள் மூலம் குறைக்கிறது என்பது 2017 டிசம்பரில் வெளிப்பட்டது. கீக்பெஞ்ச் உருவாக்கியவர் தன்னிடம் குவிந்திருந்த ஏராளமான சோதனை முடிவுகளை வரைபடமாக்கிக் காட்டினார். சில நாளில் ஆப்பிளே ஒப்புக்கொண்டது. வெளியீட்டு நாள் மதிப்புரை எதுவும் இதைப் பிடித்திருக்க முடியாது. ஓராண்டு கழித்து அதே ஃபோனை எடுத்து, அதே சோதனையை ஓட்டியிருந்தால் பிடித்திருக்கலாம். உங்களில் எத்தனை பேர் மதிப்புரை எழுதிய கருவிக்கு ஓராண்டு கழித்துத் திரும்பிப் போகிறீர்கள்? என் போன்றவர்கள் அந்தக் கருவியோடு ஐந்து வருடம் குடித்தனம் நடத்த வேண்டியிருக்கிறது.

இனி வலிக்கிற இடத்துக்கு வருகிறேன்.

2013 ஜனவரியில் சிஇஎஸ் என்ற மின்னணுப் பொருள் கண்காட்சியின் சிறந்த பொருளாக ‘சிநெட்’ என்ற தொழில்நுட்பத் தளத்தின் ஆசிரியர் குழு, டிஷ் என்ற தொலைக்காட்சிச் சேவை நிறுவனத்தின் ஹாப்பர் என்ற நிகழ்ச்சிப் பதிவுக் கருவியைத் தேர்ந்தெடுத்தது. சிநெட்டின் உரிமையாளரான சிபிஎஸ் தொலைக்காட்சி நிறுவனம் அப்போது டிஷ் மீது வழக்கு நடத்திக்கொண்டிருந்தது. மேலிடத்து உத்தரவு வந்தது, விருது வேறொரு கருவிக்குப் போனது. உண்மையில் குழு ஹாப்பருக்குத்தான் வாக்களித்தது என்பது முதலில் வாசகருக்குச் சொல்லப்படவில்லை. மூத்த நிருபர் ஒருவர் வேலையை விட்டார். பிறகுதான் தலைமை ஆசிரியர் நடந்ததை எழுதினார். உரிமையாளரின் உத்தரவைவிட, அந்தச் சில நாள் மௌனம்தான் வாசகர்களை அதிகம் புண்படுத்தியது என்று நான் நினைக்கிறேன்.

அதே சிநெட் 2022இன் இறுதியில் செயற்கை நுண்ணறிவு எழுதிய நிதிக் கட்டுரைகளை ‘பணிக்குழு’ என்ற பொதுப்பெயரில் வெளியிட்டது. 2023 ஜனவரியில் மற்றவர்கள் கண்டுபிடித்துச் சொன்ன பிறகுதான் விஷயம் பரவியது. 10,000 டாலரை 3 சதவீத வட்டியில் போட்டால் ஓராண்டில் 10,300 டாலர் சம்பாதிக்கலாம் என்று ஒரு கட்டுரை சொன்னது. சம்பாதிப்பது 300 என்பது பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். மொத்தம் 77 கட்டுரைகளைத் திரும்பச் சரிபார்த்து, 41இல் திருத்தம் போட்டார்கள். திருத்தக் குறிப்பை அந்தந்தப் பக்கத்திலேயே சேர்த்தார்கள், அதை நான் மனமாரப் பாராட்டுகிறேன். ஆனால் அதே ஆண்டு ஆகஸ்டில், தேடுபொறியில் மேலே வருவதற்காக ஆயிரக்கணக்கான பழைய கட்டுரைகளை அந்தத் தளம் நீக்கியது தெரியவந்தது. நீக்கும் முன் இன்டர்நெட் ஆர்க்கைவுக்குப் பிரதி அனுப்புகிறோம் என்றார்கள். பழையது என்பதற்காக எதையும் அழிக்கத் தேவையில்லை என்று கூகுளே அப்போது வெளிப்படையாகச் சொன்னது.

ஒரு தொழில் தன் முப்பது ஆண்டு நினைவை இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற ஓர் இலாப நோக்கற்ற நூலகத்தின் தோளில் ஏற்றிவிட்டு நிம்மதியாக இருக்கிறது. அந்த நூலகமும் 2024 அக்டோபரில் தாக்குதலுக்கு உள்ளாகிச் சில நாட்கள் முடங்கிப்போனது. அதே ஆண்டு ஆகஸ்ட் 30ஆம் தேதி, 27 ஆண்டுகள் நடந்த ஆனந்த்டெக் தன் கடைசிக் கட்டுரையை வெளியிட்டது. அதைப் படித்தபோது, நெடுநாள் எதிர்வீட்டில் இருந்தவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்புவதைப் பார்த்த மாதிரி இருந்தது எனக்கு. இதழை நிறுத்தினாலும் பழைய கட்டுரைகளைத் தொடர்ந்து வைத்திருப்போம் என்று பதிப்பகம் சொன்னது. பத்து வருடம் முந்தைய ப்ராசஸரின் சோதனை எண் இன்று யாருக்குத் தேவை என்று கேட்காதீர்கள். எனக்குத் தேவை. அந்த ப்ராசஸர் எங்கள் கணக்குப் பிரிவில் இன்னும் ஓடுகிறது.

தவறை ஒப்புக்கொண்டால் மதிப்புப் போய்விடும் என்ற பயம் உங்களுக்கு இருக்கலாம். 2025இல் வயர்டு இதழ், வெளியிலிருந்து ஒருவர் எழுதியனுப்பிய கட்டுரை ஒன்றை வெளியிட்டு ஏமாந்தது. செயற்கை நுண்ணறிவு கொண்டு புனைந்த சரக்கு அது. இதழ் கட்டுரையை விலக்கிக்கொண்டது, அதோடு நிற்காமல் தாங்கள் எப்படி ஏமாந்தோம், எந்தச் சரிபார்ப்பைத் தவறவிட்டோம் என்று தனியாக ஒரு கட்டுரை எழுதியது. அதைப் படித்த பிறகு அந்த இதழை நான் முன்பைவிட அதிகம் நம்புகிறேன். என்னுடன் வேலை செய்கிறவர்களும் அப்படித்தான் சொன்னார்கள்.

நான் கேட்பது பெரிய செலவு பிடிக்கும் காரியமில்லை. மென்பொருள் எழுதுகிறவர்கள் ஒவ்வொரு மாற்றத்தையும் தேதியோடும் காரணத்தோடும் பதிந்து வைக்கிறார்கள். அதைப் பற்றி நீங்களே எத்தனையோ கட்டுரை எழுதியிருக்கிறீர்கள். உங்கள் மதிப்புரைக்கு அடியிலும் அப்படி ஒரு பதிவு இருக்கட்டும். ‘இந்தத் தேதியில் புதிய ஃபர்ம்வேரில் மறுபடி சோதித்தோம், மதிப்பெண் உயர்ந்தது’ என்று ஒரு வரி போதும். ‘சிறந்த பத்து’ பட்டியலின் தலைப்பில் ஆண்டை மட்டும் மாற்றி, உள்ளே போன வருடத்துப் பத்தையே வைக்காதீர்கள். எதையும் புதிதாகச் சோதிக்கவில்லையென்றால் பழைய தேதியே இருக்கட்டும், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். கட்டுரையை எடுத்துவிட நேர்ந்தால் அந்த முகவரியில் ஏன் எடுத்தீர்கள் என்று ஒரு குறிப்பு வையுங்கள்.

கடைசியாக, அந்த ரவுட்டர் மதிப்புரையை எழுதியவருக்கு. இந்த மடல் உங்கள் கண்ணில் பட்டால் கோபப்படாதீர்கள். நீங்கள் முதலில் எழுதிய அந்த வாக்கியம் எங்களுக்கு உதவியது, அதற்கு நன்றி சொல்லவே இல்லை, இப்போது சொல்கிறேன். அதை நீக்கியதற்குக் காரணம் இருந்தால் அந்தப் பக்கத்தில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள். கிளை அலுவலகத்துக்கு நாங்கள் இன்னும் ரவுட்டர் வாங்கவில்லை.

அன்புடன்,
உங்கள் நெடுநாள் வாசகி